வீட்டுக்கு வந்த கத்தரிக்கோல்

தையல் கடையில் துணி வெட்டுகிறவர்கள் கத்தரிக்கோலைக் கடையிலேயே விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். சொந்தக் கத்தரிதான், கைக்குப் பழகியதுதான். ஆனாலும் அதன் இடம் வெட்டுமேசைக்கு மேலே உள்ள ஆணி. அதனால்தான் அன்று மாலை தங்கையின் பையிலிருந்து அது எட்டிப் பார்த்ததும் அக்கா படிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னடி சக்கரம், கத்தரி வீட்டுக்கு வந்திருக்கு? எப்ப வேலைய விடப் போற?"

ஓரிடத்தில் நிற்காத தங்கையைக் காலில் சக்கரம் கட்டியவள் என்று கேலி செய்து, அதுவே பெயராகிவிட்டது.

"சாணை பிடிக்கணும், எடுத்துட்டு வந்தேன்."

"போன கடையிலயும் சாணைதான். அதுக்கு முந்தின கடையிலயும் சாணைதான். அப்புறம் சண்டை போட்டுட்டு வந்து நின்ன. உன் சம்பளத்த நம்பித்தான் நான் நர்ஸ் படிப்புல சேர்ந்திருக்கேன். கவுத்துடாத தாயே."

"அந்தக் கடைக்காரன் எப்படிக் கத்தினான்னு உனக்கென்ன தெரியும்?"

"அவன் கத்துனது அப்புறம்டி. கத்தரி முன்னாடியே வந்துடுச்சே!"

சக்கரம் பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள்.

மறுநாள் பேருந்தில் இடம் கிடைத்தும் அவளால் உட்கார முடியவில்லை. கடையில் துணியை விரித்தபோதும் கண் ஜன்னலிலேயே இருந்தது. சட்டைக் கைக்கு இரண்டு துண்டுகளையும் துணியின் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து வெட்டினால்தான் ஒன்று இடதாகவும் ஒன்று வலதாகவும் வரும். அவள் இரண்டையும் ஒரே பக்கம் பார்க்க வைத்து வெட்டிவிட்டாள்.

முதலாளியம்மா துண்டுகளைத் தூக்கிப் பிடித்தார். "ரெண்டும் இடது கை! இந்தச் சட்டையப் போடற ஆள எங்கேருந்தும்மா பிடிச்சிட்டு வந்த?"

தையல் மெஷின்கள் நின்றன. எல்லோரும் சிரித்தார்கள். சக்கரத்துக்கு ரத்தம் தலைக்கேறியது. 'இந்த வேலையே எனக்கு வேண்டாம்' என்பது நுனிநாக்குக்கு வந்துவிட்டது. பையை எடுக்கக் கை நீட்டினாள். விரலில் கடைச் சாவி தட்டுப்பட்டது.

போன வாரம்தான் முதலாளியம்மா தந்திருந்தார், இனி நீயே வந்து திற என்று. அன்றைக்கே உள்ளங்கால் அரிக்கத் தொடங்கிவிட்டது. முந்தைய கடையிலும் சாவி தந்த பிறகுதான் கத்தரி வீட்டுக்குப் போனது; அங்கேயும் இதே இரண்டு இடது கைகள். இத்தனை நாள் திட்டியவர்கள் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். முதலாளியம்மாவின் முகம் வாடியது. "அப்ப நீயும் போறியா?"

"போகலம்மா. சாவி கையில இருந்தா எனக்கு ஓடணும் போல இருக்கு. கொஞ்ச நாள் நீங்களே வச்சிருங்க. துணி மிச்சம் இருக்கு, வலது கை வெட்டித் தரேன்."

"நல்லா இருக்கே கதை! எல்லாரும் சாவியத் தூக்கிட்டு ஓடுவாங்க. உன்கிட்ட சாவியக் குடுத்தா நீ ஓடுவியா?" என்றார். சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "முதல்ல அந்தக் கைய வெட்டு."

சக்கரம் துணியைத் திருப்பிப் போட்டாள். மேசைக்கு அடியில் கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது. மாலையில் கத்தரியை ஆணியில் மாட்டிவிட்டு வாசல்வரை போனாள். திரும்பி வந்து அது அங்கேயே இருக்கிறதா என்று பார்த்தாள்.

வீட்டில் பையை அக்காவின் மடியில் போட்டாள். "பாத்துக்க."

அக்கா பையைக் கவிழ்த்து உதறியே பார்த்தாள்.