கோட்டோரம் கமராவோடு ஒரு பருவம்

இரவு ஆட்டத்தைப் படம் பிடிப்பவனுக்கு இரண்டு கரைச்சல்: ஒன்று இருட்டு, மற்றது மைதானத்து எல்லைக்கோட்டைத் தாண்டி அவன் மேலேயே வந்து விழுகிற ஆட்டக்காரர். கமராவோடு அலைந்தவர்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு வாரப் பத்திரிகைக்கு ஹைஸ்கூல் ஃபுட்போல் படங்கள் எடுத்தேன். எங்கள் ஊர் உதைபந்தாட்டம் இல்லை இது. ஒருவன் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓட, மற்றவர்கள் இடித்து விழுத்துகிற விளையாட்டு.

எது எங்கட தம்பி?

மோர்னிங்சைட் பக்கப் பள்ளிக்கூட அணியில் குகன் என்றொரு தமிழ்ப் பெடியன் ஆடினான். தகப்பன் இல்லை, தாய் யாழ்ப்பாணத்தில். இங்கே அக்கா வசந்தியோடு இருந்தான். ஒருநாள் வசந்தி ஃபக்டரி உடுப்போடு நேரே ஆட்டம் பார்க்க வந்தாள். எல்லார் தலையிலும் ஹெல்மெட். யார் எவரென்று தெரியவில்லை. நான்தான் முதுகு இலக்கத்தைக் காட்டிக் கொடுத்தேன். கொஞ்சநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இவ்வளவு பேரும் சேர்ந்து அவனையே ஏன் அண்ணை விழுத்தினம்?"

எழும்பாதவன்

ஒரு மழைநாள் ஆட்டம். குகன் பந்தோடு என்னை நோக்கி ஓடிவந்தான். பின்னால் வந்த இரண்டு பேர் பாய்ந்தார்கள். நான் கமரா பொத்தானை அமத்தினேன். மூன்று பேரும் என் காலடியில் விழுந்தார்கள். இரண்டு பேர்தான் எழும்பினார்கள்.

கோச் ஓடிவந்து இங்கிலிஷில் என்னென்னவோ கேட்டார். நல்லாக இங்கிலிஷ் பேசுகிற பெடியன், அப்போது வாயில் தமிழைத் தவிர ஒன்றும் வரவில்லை. "கால் இருக்கிற மாதிரித் தெரியேல்லை," என்றான். கமராவைச் சேற்றில் வைத்துவிட்டு முழங்காலில் இருந்து அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அம்புலன்ஸில் ஏற்றும்வரை குகன் என் கையை விடவில்லை. கதவு சாத்த முன்னம் சொன்னான்: "அக்காட்டை நீங்களே சொல்லுங்கோ அண்ணை. வேற ஆக்கள் சொன்னா பயந்திடுவா."

முதல் பக்கம்

படம் கழுவியபோது திகைத்துப்போனேன். மழைத்துளிகூடத் தெளிவாக, மூன்று உடம்பும் அந்தரத்தில். முதல் பக்கத்தில் போடுவோம் என்றார் பத்திரிகை ஆசிரியர், ஒரு வயதான வெள்ளைக்காரர். தமக்கையைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதற்குள் குகனின் கால்விரல்கள் அசையத் தொடங்கியிருந்தன. நடப்பான், ஆனால் இனி ஆடக்கூடாது என்றிருந்தார் டொக்டர்.

வசந்தி படத்தை நெடுநேரம் பார்த்தாள். "பேப்பரில வந்தா யாரும் வெட்டி ஊருக்கு அனுப்பிவிடுவினம். அம்மா ஏற்கெனவே ஒரு பிள்ளையைச் சண்டையில குடுத்தவ," என்றாள். திரும்பிப்போய் ஆசிரியரிடம் சொன்னேன். அவர் சொன்னார்: "இப்படி ஒரு படம் உனக்கு இனிக் கிடைக்காது, தெரியும்தானே? சரி, வேறை ஒன்றைத் தா."

தாய் கேட்டது

பனி கரைந்தபோது குகன் தடி ஊன்றி நடந்தான். பருவத் தொடக்கத்தில், ஹெல்மெட்டோடு அவன் நிமிர்ந்து நிற்க நான் எடுத்த படமொன்றைத் தாய்க்கு அனுப்பியிருந்தார்கள். சண்டையால் யாழ்ப்பாணத்தில் ஃபோன் இல்லாததால் கொழும்புக்கு வந்த தாய் ஃபோன் எடுத்துச் சொன்னதை வசந்தி அப்படியே எனக்குச் சொன்னாள்: "ஆமிக்காரன் மாதிரிக் கிடக்கு பிள்ளை. அவன்ர முகம் தெரியிற படம் ஒண்டு அனுப்பு."

அந்தப் பருவம் முழுக்கக் குளிரிலும் மழையிலும் நின்று எடுத்த எதுவும் அந்தத் தாயின் வீட்டுச் சுவரில் ஏறவில்லை; ஏறியது, பிறகு நான் எடுத்த, குகன் பல்கனிக் கதிரையில் சும்மா இருந்து சிரிக்கிற படம் மட்டும்தான்.