வயிற்றுக்கு ஒரே ஷிஃப்ட்

என் வயிற்றின் வண்டவாளம் தெரியாதவர்கள் எங்கள் பிளாக்கில் யாரும் இல்லை. அதில் எனக்கு வெட்கமும் இல்லை. சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய சக்கர இயந்திரத்தை ஓட்டுகிறவன் நான். கேபினில் உட்கார்ந்துவிட்டால் நினைத்தபோது எழுந்து போக முடியாது. கீழே இறங்கி, ஜீப் பிடித்து, கழிப்பறைக்குப் போய்த் திரும்புவதற்குள் கன்வேயர் பெல்ட் வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும். அதனால் வாக்கிடாக்கியில் மாற்று ஆள் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் மொத்த ஷிஃப்ட்டுக்கும் விஷயம் தெரிந்துவிடும்.

டாக்டர் எல்லாச் சோதனையும் எடுத்துப் பார்த்தார். புண் இல்லை, கட்டி இல்லை, இது ஐபிஎஸ் என்கிற குடல் கோளாறு, குடல் சட்டென்று கலங்கிவிடுகிறது, ஆபத்தில்லை, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்களே கவனியுங்கள் என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆபத்தில்லாத ஒன்று ஒரு மனிதனை இப்படியா விரட்டும்? ஒரு வாரம் போகவே போகாது. மறுவாரம் நிற்கவே நிற்காது.

மழைக்காலம் தொடங்கும்போது எங்கள் இன்ஜினியர் கூப்பிட்டனுப்பினார்.

"உங்கள ஸ்டோருக்கு மாத்திடவா? பாத்ரூம் பக்கத்துலயே இருக்கு. மழை முடியட்டும், அதுக்குள்ள சரியாகலன்னா மாத்திடுறேன்."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் எனக்கு அது வேண்டாம். ஹெல்பராகக் கிரீஸ் பூசிப் பூசி, எத்தனையோ வருஷம் காத்திருந்து பிடித்த சீட் அது. போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு ரிட்டயர் ஆவதை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு வசதி உண்டு. சுவருக்குச் சுவர் மாவட்டம் மாறும். இடது பக்கத்து வீடு திருநெல்வேலி. அந்த அம்மா கடுக்காய்ப் பொடியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"ராத்திரி படுக்கப்போகையில வெந்நீர்ல கலக்கிக் குடிங்க அண்ணாச்சி. வயிறு சுத்தமாயிரும்."

வலது பக்கத்து வீடு ஈரோடு. அந்த வீட்டுக்காரர் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது விஷயத்தைக் கேட்டுவிட்டு அன்றைக்கே வந்துவிட்டார்.

"மாதுளம்பழத் தோலைப் பொடி பண்ணி, மோருல கலக்கிக் குடிச்சீங்கன்னா போதுமுங்க. அப்படியே கட்டிப்போடுமுங்க."

இரண்டு பேருமே பஸ் ஸ்டாப்பில் "மருந்து கேட்டுச்சா?" என்று விசாரிப்பார்கள். பக்கத்து வீட்டு முகத்தை முறிக்க முடியுமா? இரவில் திருநெல்வேலியைக் குடித்தேன், காலையில் ஈரோட்டைக் குடித்தேன். அந்த வாரம் வயிறு எந்தப் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் பலூன் மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. கேபினில் இடுப்பு பெல்ட்டைத் தளர்த்திவிட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வர, வண்டியை ஓட்டினேன்.

என் மனைவி சேத்தியாத்தோப்புக்காரி. இரண்டு டப்பாவையும் பரணில் தூக்கி வைத்தாள்.

"இன்னாங்க இது? ராவுல தொறக்கறதுக்கு ஒரு பொடி, காலைல மூடறதுக்கு ஒரு பொடி. வயித்த வெச்சிகினு விளையாடறீங்களா? மூணு ஷிஃப்ட்டும் வேலைக்குத்தான். வயித்துக்கு ஒரே ஷிஃப்ட். நான் குடுக்கறதச் சாப்டுகினு இருங்க."

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்ததும் சாம்பார், பொரியல் என்று முழுச் சாப்பாட்டைக் கட்டிவிட்டுத் தூங்குவேன். இங்கே பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறோம். கல்லைத் தின்றாலும் கரைக்கிற வயிறு அவர்களுக்கு. எனக்கு அது இல்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு எந்த ஷிஃப்ட்டாக இருந்தாலும் மதியச் சாப்பாடு மதியம்தான். நைட் முடிந்து வந்தால் குழைந்த கஞ்சி, அதோடு தூக்கம். இரவில் கேபினுக்கு இரண்டு இட்லி போதும். பால் டீ நின்றது. ஒரு வாரத்துக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். முட்டைக்கோஸும் மொச்சையும் எனக்கு எதிரி என்று அப்படித்தான் தெரிந்தது. வறுத்த சீரகமும் பெருங்காயமும் போட்ட நீர்மோர் ஒத்துக்கொண்டது. இஞ்சி ஒத்துக்கொள்ளவில்லை, எரிந்தது. ஊரே இஞ்சியைப் புகழட்டும், எனக்கு வேண்டாம்.

வேலைக்குப் போகும் பஸ் வருவதைப் பார்த்தாலே பயத்தில் வயிறு பிசையும். அதற்குத்தான் நாள் பிடித்தது. சீக்கிரம் எழுந்து, கழிப்பறையில் அவசரமில்லாமல் உட்கார்ந்துவிட்டு, பிளாக்கை ஒரு சுற்று நடந்து வருவேன். பஸ்ஸில் மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே போவேன். பயம் குறையக் குறைய வயிறும் அடங்கியது.

மழை நின்று சுரங்கம் காய்ந்ததும் இன்ஜினியர் கூப்பிட்டார்.

"ஸ்டோர்ல இடம் காலியாயிருக்கு. உங்களுக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. நான் மாற்று ஆள் கூப்பிட்டபோதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. வாரக்கணக்கில் கூப்பிடாமலே இருந்தது யார் கண்ணிலும் படவில்லை.

"வேற யாருக்காவது குடுங்க சார். நான் கடைசியா ஆள் கூப்பிட்டது எப்பன்னு ஃபோர்மேனக் கேட்டுப் பாருங்க."

அவர் பக்கத்தில் நின்ற ஃபோர்மேனைப் பார்த்தார். ஃபோர்மேன் தலையைச் சொறிந்தார். அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"அப்போ சரியாயிடுச்சா?"

"கோளாறு கோளாறுதான் சார். ஆனா இப்ப என் பேச்சைக் கேக்குது."

சொல்லிவிட்டு வந்து வண்டியின் ஏணியில் ஏறினேன். கேபின் கதவைச் சாத்தியதும் அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றவிட்டேன்.