கோழியா, மீனா?

தேர்வாய் கண்டிகையில் எங்கள் கம்பெனிக்குப் பின்னாலிருக்கும் குட்டையில் இன்று மதியம் கானாங்கோழி ஒன்று விடாமல் கத்தியது. கூட வேலை செய்யும் பெண் போனில் தேடிப் பார்த்து, "இது கோழி இனமே இல்லையாம்க்கா. சாரசக் கொக்குக்குத்தான் சொந்தமாம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு தவக்காலம். தம்பியின் காய்ச்சல் இறங்கினால் ஈஸ்டர் வரை வீட்டில் கறி கிடையாது, மீன் மட்டும்தான் என்று அம்மா நேர்ந்திருந்தாள். காய்ச்சலும் இறங்கியது. கறிக்கு ஏங்கிப்போன அப்பா ஒருநாள் வயலில் கானாங்கோழியைப் பிடித்து வந்தார். அதன் வெள்ளை மார்பெல்லாம் சேறு.

"தண்ணியிலதாம்மே கீது இது. மீன் சாதிதான்."

"பேர்லயே கோழி கீது. புள்ள உசுருக்கு நேர்ந்துக்கினேன், உன் நாக்குக்காக மாத்த சொல்றியா?"

ஈஸ்டருக்கு ஆகட்டும் என்று அப்பா அதைக் கூடை கவிழ்த்து மூடினார். பாயிலேயே கிடந்த தம்பி, அதற்குப் புழு தோண்டத்தான் முதலில் எழுந்து நடந்தான். அதன்பின் அப்பாவுக்கு அதை அறுக்க மனம் வரவில்லை. ஈஸ்டருக்கு முந்தின நாள் தம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு போய், கானாங்கோழியை ஏரிக்கரையில் விட்டுவிட்டு வந்தார்.

சாயங்காலம் அம்மாவுக்கு போன் செய்து, கொக்குக்குச் சொந்தமாம் என்றேன்.

"மீனுன்னு போடல இல்ல? அத உங்கப்பனாண்ட சத்தமா சொல்லு."