மிட்டாய்க்கு விழாத ஓட்டு

சலவைக்கூடத்தில் எல்லோரும் அவளை நடுவரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய மருத்துவமனை ஒன்றின் பின்பக்கத்தில் இருந்தது அந்தக் கூடம். நோயாளிகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்கள் போடுகிற பச்சை உடுப்பு எல்லாம் அங்கேதான் சலவைக்கு வரும். ஈர விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துச் சுருக்கம் எடுக்கும் சூட்டு உருளைக்குள் நேராக விட வேண்டும். ஒரு முனை நடுவரம்மா கையில், மறுமுனை மிட்டாய் என்கிற பெண்ணின் அம்மா கையில். பல வருடமாக அப்படித்தான்.

நியாயம் பேசுவது நடுவரம்மாவின் பிறவிக் குணம். கல்யாணமான புதிதில் புருஷனுக்கும் மாமியாருக்கும் வாய்ச்சண்டை வந்தபோது, "அத்தை சொல்றதுதாங்க சரி" என்று சொல்லிவிட்டாள். புருஷன் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமியாரோ, இவள் ஏன் நம் பக்கம் பேசுகிறாள், என்ன திட்டம் வைத்திருக்கிறாள் என்று சந்தேகப்பட்டாள். இரண்டு பேரும் இப்போது இல்லை. ஆண்டவன் கேட்டுக்கொண்டிருக்கிறான், வேண்டியவர் வேண்டாதவர் என்று பார்த்துப் பேசக்கூடாது என்கிற பழக்கம் மட்டும் அவளிடம் தங்கிவிட்டது.

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி வாரக் கடைசியில் வரும். திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கூடத்தில் அதே பேச்சுதான். மூன்று நடுவர்கள். அதில் ஒரு அம்மாவுக்கு எந்தப் பாட்டைக் கேட்டாலும் கண் கலங்கிவிடும்.

"அந்தம்மா மூக்கை உறிஞ்சினா எட்டு மார்க்கு. கர்சீப்பை எடுத்துட்டா பத்து" என்பாள் சோப்புத்தூள் போடுகிறவள்.

"நடுவுல உட்காந்திருக்கானே கண்ணாடிக்காரன், அவன் பாட்டைக் கேக்குறானா, தூங்குறானா?" என்பான் வண்டி தள்ளுகிறவன்.

"கண்ணை மூடிக் கேக்குறாருடா. உனக்கு வேலை நேரத்துல கண்ணு மூடுதே, அந்த மாதிரி இல்ல" என்று நடுவரம்மா தீர்ப்புச் சொன்னால் கூடமே சிரிக்கும்.

அந்த வருடம் போட்டியில் மிட்டாயே பாடினாள். அவள் அம்மாவுக்கு ஒரே மகள். பத்தொன்பது வயது. சின்ன வயதில் மிட்டாய் கொடுத்தால்தான் பாடுவாள் என்பதால் அந்தப் பெயர். சலவைக்கூடத்துப் பிள்ளை டிவியில் பாடுகிறது என்றால் சும்மாவா? கூடத்தில் இருந்தவர்கள், வார்டு ஆயாக்கள், வாசல் காவலாளி, எல்லோர் வீட்டுப் போனிலிருந்தும் வாரா வாரம் அவளுக்குத்தான் ஓட்டு. ஒரு போனுக்கு ஒரு ஓட்டு, அதையும் திங்கட்கிழமைக்குள் போட்டுவிட வேண்டும். நடுவர்கள் மார்க் போடுவார்கள். ஆனால் யார் வெளியே போவது என்பதை மக்களின் ஓட்டுதான் முடிவு செய்யும்.

கடைசியில் ஐந்து பேர் மிஞ்சினார்கள். அந்த வாரம் மிட்டாய்க்கு மூன்று நடுவர்களும் மார்க்கை அள்ளிக் கொடுத்தார்கள். லாரி ஓட்டுகிறவரின் மகன் ஒருவன், காது கொஞ்சம் பெரிதாக இருக்கும், மற்ற எல்லோரையும்விட நன்றாகப் பாடினான். அவனுக்குக் குறைத்துப் போட்டார்கள். உடுப்பு சரியில்லை என்று வேறு சொன்னார்கள்.

திங்கட்கிழமை நடுவரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"பாட்டுக்கு மார்க்கா, சட்டைக்கு மார்க்கா? அந்தப் பையன் முகம் செத்துப்போச்சே, பாத்தீங்களா?"

"பாவம்தான். என்னக்கா பண்றது?"

"ஏன் பண்ண முடியாது? நம்ம மிட்டாய்க்கு இந்த வாரம் ஒண்ணும் ஆகாது. மார்க்கு மலையா குவிஞ்சு கிடக்கு. ஊரே அவளுக்குப் போடும். இந்த ஒரு வாரம் நம்ம ஓட்டை அந்தப் புள்ளைக்குப் போடுவோம். அதுதானே நியாயம்?"

மிட்டாயின் அம்மா அன்று இல்லை. மகளோடு படப்பிடிப்புக்குப் போயிருந்தாள். இருந்திருந்தால் யாருக்கும் அந்தப் பேச்சு வந்திருக்காது. நடுவரம்மா வாயால் வந்துவிட்டதே, அது தப்பாக இருக்குமா என்று எல்லோரும் தலையாட்டினார்கள். சோப்புத்தூள்காரி அங்கேயே போனை எடுத்தாள். வார்டுகளுக்கும் செய்தி போனது.

அடுத்த வாரம் வெளியே போனது மிட்டாய்.

நடுவரம்மா டிவி முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். மிட்டாய் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் நன்றி சொன்னாள். எனக்காக ஓட்டுப் போட்ட எங்க அம்மா கூட வேலை பார்க்கிறவங்களுக்கு என்று சொல்லும்போது குரல் உடைந்தது. நாம் கணக்குப் போட்ட மாதிரியே ஊரும் கணக்குப் போட்டிருக்கிறது, அவளுக்கு எப்படியும் விழும் என்று எல்லோருமே விட்டுவிட்டார்கள் என்பது நடுவரம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

கூடத்தில் யாரும் ஓட்டை மாற்றிப் போட்டதைப் பேசவில்லை. "டிவி கம்பெனிக்காரன் ஓட்டை மாத்திட்டான்" என்றான் வண்டிக்காரன். "அந்த மூணு பேரும் வாயைத் திறந்தாங்களா? அழுற அம்மா கூட அன்னைக்கு அழலையே!" என்றாள் சோப்புத்தூள்காரி. சொல்லும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வேலைக்குத் திரும்பி வந்த மிட்டாயின் அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டாள்.

"களவாணிங்கக்கா. என் புள்ளை வயித்தெரிச்சல் சும்மா விடாது" என்பாள், விரிப்பை இழுத்துக்கொண்டே. நடுவரம்மா விரிப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஒரு நாள் மிட்டாயின் அம்மா சொன்னாள்: "அவ பாடுறதையே விட்டுட்டாக்கா. குளிக்கும்போது கூட முணுமுணுக்குறது இல்ல. 'நான் நல்லா பாடலை, அதான் யாரும் போடலை'ங்குறா. நடுவருங்க திருட்டுப் பசங்கடின்னு சொன்னா நம்ப மாட்டேங்குறா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா."

அன்று சாயங்காலம் வழிபாட்டுக்குப் போன நடுவரம்மா வெகுநேரம் கண்மூடி உட்கார்ந்திருந்தாள். என்ன சொல்வது என்று ஆண்டவனிடம் கேட்டாள். பொய் சொல்லி ஒரு பிள்ளையைப் பாட வைக்கலாமா? உண்மையைச் சொன்னால் தன் பாட்டில் குறை இல்லை என்று அதற்குத் தெரியுமே. அப்படி நினைத்ததும் மனது லேசானது. லேசானதே தப்பு என்று பின்னால் பலநாள் நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனாள். மிட்டாய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"தங்கம், நீ நல்லாத்தான் பாடினே. அதுல ஒரு குறையும் இல்ல. நீ எப்படியும் ஜெயிச்சிடுவேன்னு நாங்க அந்த வாரம் லாரிக்காரர் பையனுக்குப் போட்டுட்டோம். நான்தான் போடச் சொன்னேன். அவனுக்கு அநியாயம் நடந்துச்சேன்னு."

மிட்டாய் நாற்காலி துடைத்த துணியை மடித்தாள். பிறகு கேட்டாள்:

"நம்ம ஆளுங்க ஒருத்தர் கூடப் போடலையா பெரியம்மா?"

"உங்கம்மா போட்டிருப்பாளே."

"ஓட்டுப் போடுற அன்னைக்கு அம்மா போனை ஷூட்டிங்குக்கு உள்ள கொண்டுபோக விடல, அம்மாவாலயும் போட முடியல." அவள் சிரிக்கப் பார்த்தாள். "நான் சரியா பாடலைன்னு நினைச்சிட்டிருந்தேன் பெரியம்மா. அப்படின்னா இன்னும் கத்துக்கலாம்னு இருந்துச்சு. இதுக்கு என்ன பண்றது?"

கோபமாகக் கூடச் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். மன்னிச்சிடும்மா என்று நடுவரம்மா சொன்னது அவளுக்கே கேட்கவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மிட்டாயின் அம்மா வாசல் வரைக்கும் கூட வந்தாள்.

"டிவியில இருக்கிற மூணு பேரையும் வாய் வலிக்கத் திட்டிட்டிருந்தேன்க்கா. அவங்க யாரோ, நான் யாரோ. மனசு ஆறிட்டு வந்துச்சு. இப்ப உங்களை நான் எப்படித் திட்டுவேன்?"

"திட்டு. நல்லா திட்டிடு. எனக்கு வேணும்."

"வரமாட்டேங்குதுக்கா." அவள் முந்தானையைச் சரி செய்துகொண்டாள். "மேஸ்திரிகிட்ட மதிய ஷிப்டுக்கு மாத்திக் கேக்கப் போறேன்."

"மதியம்னா நீ திரும்பி வர்றதுக்குள்ள இருட்டிடுமே. பஸ்ஸு கூடச் சரியா இல்லையே அந்த நேரத்துக்கு."

"வந்துக்கிறேன்க்கா" என்றாள் அவள். கதவைச் சாத்தவில்லை. நடுவரம்மா முதலில் படி இறங்கட்டும் என்று காத்து நின்றாள்.