கெலிபியா போகாத வனாசா

கெல்மா ஊர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நானும் வனாசாவும் ஒரே இஸ்திரி மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று வேலை பார்த்தவர்கள். அவளுக்கு அப்போது ஐம்பத்தைந்து இருக்கும். அம்மா செத்தபோது தம்பி தாஹர் கைக்குழந்தை. அவனை வளர்க்க வேண்டுமே என்று, தனக்கு வந்த வரன்களையெல்லாம் திருப்பி அனுப்பினாள். பிறகு வரன்கள் வருவது நின்றது. தாஹருக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்தார்கள். மேல்மாடியும் கட்டிக்கொண்டான். இவள் கீழே பின்கட்டு அறையில் இருந்தாள்.

ஆகஸ்ட் வந்தால் எங்கள் ஊரில் பாதிப்பேர் எல்லைக்கு அந்தப் பக்கம், துனிசியாக் கடற்கரையில் இருப்பார்கள். அந்த வருஷம் தாஹரும் கிளம்பினான். வீடு பிடிக்கும் வேலையை அக்காவின் தலையில் கட்டினான். யார் யாரிடமோ விசாரித்து, கெலிபியாவில் கடலுக்குப் பக்கத்தில் முன்ஜியா என்றொரு பெண் வீடு வாடகைக்கு விடுவதாக வனாசா கண்டுபிடித்தாள். பிப்ரவரியில் முதல் தடவை பேசினாள். எத்தனை படுக்கை, அடுப்பில் எத்தனை பர்னர் என்று தொடங்கிய பேச்சு, நாலைந்து வாரத்தில் வேறு எங்கோ போய்விட்டது. முன்ஜியாவும் தனி ஆள். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வெள்ளிக்கிழமை மத்தியானம் தவறாமல் போன் வரும்.

"இன்னைக்கு என்ன சிரிப்பு?" என்று மறுநாள் கேட்பேன்.

"முன்ஜியா வீட்டுப் பூனை பக்கத்து வீட்டு மீனைத் தூக்கிட்டு வந்துடுச்சாம். திருப்பிக் கொடுக்கறதா, பொரிச்சு வைக்கறதான்னு என்கிட்ட கேக்கறா."

"நீ என்ன சொன்ன?"

"பொரிச்சு, பாதியைக் கொண்டுபோய்க் கொடுன்னேன்."

அவளுக்குக் கடல்மேல் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. சாயங்காலம் முன்ஜியாவோடு மீன்பிடித் துறைமுகத்துச் சுவரில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிக்கணும், அவ்வளவுதான். முன்ஜியாவுக்கென்று மலையிலிருந்து ஒரு ஜாடி பழைய நெய் வரவழைத்து வைத்திருந்தாள்.

கிளம்பியது இரண்டு கார்களில். முன்னால் தாஹர், அவன் மனைவி ஃபதீலா, இரண்டு பெண்கள். பின்னால் மகன் ரம்ஸியின் பழைய கார். அதில் ரம்ஸியும், வசந்தத்தில் கல்யாணமாகி வந்த மருமகள் ஷைமாவும், வனாசாவும், சாப்பாட்டு மூட்டைகளும். முந்தின இரண்டு நாளும் வனாசா அடுப்படியை விட்டு நகரவில்லை. ரவை ரொட்டி, பேரீச்சம்பழ அடை, வறுத்த கோழி எல்லாம் அவள் கைப்பக்குவம்.

எல் கலா என்ற ஊரைத் தாண்டி எல்லைச்சாவடிக்குப் போகும் மலைரோட்டில் கார் மேல் காராக நின்றது. எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் நடுப்பகலிலும் அங்கேயேதான் இருந்தார்கள். வெயிலில் ஊர்ந்து ஊர்ந்து ரம்ஸியின் கார் கொதித்துப் போனது. பானெட்டைத் திறந்தால் ஆவி. தண்ணீர் ஊற்ற ஊற்றக் கீழே ஒழுகியது. பக்கத்துக் கார்க்காரர் குனிந்து பார்த்து, "இனி இது சீமைக்குப் போகாது, மெக்கானிக் கிட்டதான் போகும்" என்றார்.

தாஹரின் கார் ஐந்து பேர் உட்காருவது. நெருக்கினால் ஆறு பேர். இருந்தது ஏழு பேர்.

 ஃபதீலாதான் ஆரம்பித்தாளாம். "வண்டியை அப்படியே விட்டுட்டுப் போக முடியாது. யாராவது கூட இருந்தாத்தான் ஆகும்."

"என் வண்டி, நானே இருக்கேன்" என்றான் ரம்ஸி. சொல்லிவிட்டு ஷைமாவைப் பார்த்தான். அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"புதுசாக் கல்யாணமானவன், பொண்டாட்டியைத் தனியா அனுப்பிட்டு நீ இங்க என்ன பண்ணப்போற?" என்றாள் ஃபதீலா. பிறகு நாத்தனார் பக்கம் திரும்பி, "அண்ணி, உங்களுக்குத் தண்ணியில இறங்கறதே பிடிக்காது இல்ல?"

வனாசாவுக்குப் புரிந்தது. தம்பியைப் பார்த்தாள். அவன் டயரைக் காலால் தட்டிக்கொண்டிருந்தான்.

"நீங்க முன்னாடி போங்க. வண்டியை அனுப்பிட்டு நான் நடந்தே சாவடியைத் தாண்டிடறேன். பாஸ்போர்ட் கையில இருக்கு. அந்தப் பக்கம் டாக்ஸி கிடைக்கும்" என்றாள்.

"என்னக்கா பேசற? தெரியாத நாட்டுல, தெரியாத ஆம்பளையோட, ஒத்தைப் பொம்பளையா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்றான் தாஹர். "இழுவை வண்டி வரும். எல் கலாவுல ரம்ஸியோட சிநேகிதன் பட்டறை இருக்கு. சாவியைக் கொடுத்துட்டு, பஸ் ஏறி வீட்டுக்குப் போ."

இழுவை வண்டிக்காரனும் தெரியாத ஆம்பளைதானே என்று நான் பிற்பாடு கேட்டேன். "அது எனக்கும் தோணிச்சு. தம்பி அப்படி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் பேசினப்ப என்னத்தைச் சொல்றது?" என்றாள்.

சாப்பாட்டு மூட்டைகளை இந்தக் காரிலிருந்து அந்தக் காருக்கு அவளே மாற்றிக் கொடுத்தாள். நெய் ஜாடியை ஷைமாவின் மடியில் வைத்து, முன்ஜியா கையில்தான் கொடுக்கணும் என்றாள். அவர்கள் போன பிறகுதான் தனக்கென்று ஒரு துண்டு ரொட்டி எடுத்து வைக்காதது நினைவுக்கு வந்தது.

இழுவை வண்டிக்காரன் வாயாடி. ஏறி உட்கார்ந்ததுமே, "எங்கம்மா கிளம்பினீங்க?" என்றான்.

"கெலிபியா."

"தினமும் இந்த ரோட்டுல வண்டி இழுக்கறேன். வண்டிக்குச் சொந்தக்காரன் என் பக்கத்துல உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டு வருவான். இந்த வண்டிக்குச் சொந்தக்காரன் எங்க?"

"முன்னாடி போயிட்டான்."

 எல் கலாவில் இறங்கும்போது அவளுக்கு ஒரு பாட்டில் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தானாம்.

மறுநாள் முன்ஜியா போன் பண்ணினாள். "உடம்பு இப்ப தேவலையா? தம்பி சொன்னார், கடல் காத்து ஒத்துக்காதுன்னு நீங்களே வரலைன்னுட்டீங்களாம். நான் உங்களுக்காக ஆக்டோபஸ் வாங்கிக் காயப்போட்டு வெச்சிருந்தேன்."

தம்பியைப் பொய்யன் என்று வெளி ஆளிடம் எப்படிச் சொல்வது? "ஆமா முன்ஜியா, மூட்டு வலி" என்றாள். நெய்யைப் பற்றி விசாரித்தாள். என்ன நெய் என்று கேட்டாள் முன்ஜியா. அது அதற்குள் ஃபதீலாவின் குஸ்குஸ் சமையலில் போய்விட்டிருந்தது.

ஊர் திரும்பியவர்கள் கறுத்துப்போய்ச் சந்தோஷமாக வந்தார்கள். ஃபதீலா ஒரு கிளிஞ்சல் மாலை கொண்டுவந்து கொடுத்தாள். நடந்ததைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வனாசாவும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை போன் மட்டும் குளிர்காலம் முழுக்கத் தொடர்ந்தது.

அடுத்த பிப்ரவரியில் தாஹர் கேக் பெட்டியோடு பின்கட்டுக்கு வந்தான். "அக்கா, முன்ஜியாகிட்ட பேசிட்டியா? அதே வீடு, அதே மாசம்."

"வேற யாருக்கோ கொடுத்துட்டாளாம்" என்றாள் வனாசா.

பொய். முந்தின வெள்ளிக்கிழமை அவளே முன்ஜியாவிடம், எங்களுக்காக வீட்டைப் பிடித்து வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தாள்.

"வீட்டுல ஏதாவது குறையா?" என்று கேட்டிருக்கிறாள் முன்ஜியா.

"குறை ஒண்ணுமில்ல."

"அப்ப நீங்க மட்டுமாவது வாங்களேன். என் அறையிலயே தங்கலாம்."

"என்னால முடியாது முன்ஜியா."

"ஏன்னு சொல்ல மாட்டீங்களா?" பூனை எப்படியிருக்கிறது என்று இவள் பேச்சை மாற்றப் பார்த்தாள். முன்ஜியா விடவில்லை. "வேற வீடு மலிவாக் கிடைச்சிருக்கும். அதை நேராச் சொல்லியிருக்கலாம். நான் உங்களை வாடகைக்கு வர்ற ஆளா நினைக்கல."

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. இவள் கூப்பிட்டபோது முன்ஜியா இரண்டு தடவை எடுத்தாள். விருந்தாளிகள் இருக்கிறார்கள் என்று வைத்துவிட்டாள். மூன்றாம் தடவை எடுக்கவேயில்லை.

"நடந்ததை முழுசாச் சொல்லித் தொலையேன்" என்றேன்.

"எந்த முகத்தோட? அவனும் பொய் சொன்னான், நானும் ஆமான்னேன். இப்பப் போய் இதுதான் நிஜம்னு சொன்னா, இது எத்தனாவது பொய்யின்னு நினைப்பா." படுக்கை விரிப்பின் ஒரு முனையை என் பக்கம் வீசினாள். மடித்தோம்.

தாஹர் துனிசியாவிலேயே ஹம்மாமெத் என்ற ஊரில் வேறு வீடு பிடித்தான். வழிச்சாப்பாடு செய்து தரச் சொல்லி ஃபதீலா ஆள் அனுப்பினாள். கை வலிக்கிறது என்று சொல்லிவிட்டாள் வனாசா. வயசாக ஆக அக்காவுக்கு மனசு கல்லாகிவிட்டது என்று தாஹர் சொந்தபந்தத்திடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். நம்பாதவர்கள் குறைவு.

அந்த ஆகஸ்ட் அவள் விடுப்பு எடுக்கவில்லை. பாதிப்பேர் ஊரில் இல்லாததால் இரண்டு ஆள் வேலையை ஒருத்தியாகப் பார்த்தாள். அவர்கள் கிளம்பிய காலையில் தாஹர் வாசலில் நின்று ஹாரன் அடித்தானாம். அவள் வெளியே வரவில்லை. கார்ச் சத்தம் தெருமுனை தாண்டிய பிறகு கதவைப் பூட்டிவிட்டு வேலைக்கு வந்தாள்.