ஒருநாள் அக்கா

அந்தத் தொலைபேசிப் பேச்சுக்கு மட்டும் அவள் எழுந்து நின்றுகொள்வாள். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமிவிட்டுத்தான் எண்ணை அழுத்துவாள். எதிர்முனையில் குரல் கேட்டதும் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பாள்: "நாளைக்கு ஒரு நாள் வர வேண்டாங்க மறுநாள் வந்துடுங்க." நடுவில் ஒரு காற்புள்ளிக்குக்கூட இடம் தர மாட்டாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நிறுத்தி நிதானமாகத்தான் சொன்னாள். முதல் பாதியைக் கேட்டதுமே அந்தப் பக்கம் ஒரு பெரிய மனுஷர் குழந்தை மாதிரி அழ ஆரம்பித்துவிட்டார். அதிலிருந்து மூச்சுவிடுவதை விட்டுவிட்டாள்.

மாத்திரைகளை அட்டையில் அடைத்துப் பெட்டி கட்டி அனுப்புகிற கம்பெனி அது. பேக்கிங் மேசையில் நிற்பவர்கள், பெட்டி சுமப்பவர்கள், கழுவித் துடைப்பவர்கள் எல்லோரும் ஒப்பந்த ஆட்கள். பதினோரு மாதம் வேலை, பிறகு ஒரு நாள் வெளியே, மறுபடி பதினோரு மாதம். அந்த ஒரு நாளுக்குப் பெயர் பிரேக். எத்தனை வருஷம் மாடாக உழைத்தாலும், சேர்ந்தாற்போல் ஒரு வருஷம் உழைத்ததாகக் கணக்கு வந்துவிடக் கூடாதே, அதற்காக யாரோ குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து கண்டுபிடித்த நாள். கணக்கு வந்தால் பேறுகால விடுப்பு கேட்பார்கள், நிரந்தரம் கேட்பார்கள். அந்த ஒரு நாள் மருத்துவக் காப்பீடும் படுத்துக்கொள்ளும். மறுநாள் ஆள் திரும்பி வந்தால் அதுவும் எழுந்துகொள்ளும்.

பிரேக் போகிறவர்கள் முந்தின நாள் மாலையே அடையாள அட்டையை அவளிடம் ஒப்படைக்க வேண்டும். அவள் மேசையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா உண்டு. கழுத்து நாடாவை அட்டையைச் சுற்றிச் சீராகச் சுற்றி, மேலே ரப்பர் பேண்டு போட்டு, திரும்பி வரும் தேதியை ஒரு துண்டுச் சீட்டில் உருண்டை எழுத்தில் எழுதி, ரப்பருக்கு அடியில் செருகி டப்பாவுக்குள் வைப்பாள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. "சீட்டைப் பாத்தா அவங்களுக்கு ஒரு தெம்புங்க" என்பாள். "ஒரு நாள்தானே. துணி துவைச்சுப் போட்டுட்டு ஒரு தூக்கம் போடுங்க, முடிஞ்சிருக்கும்." இதனால் கம்பெனி முழுக்க அவள் பெயர் ஒருநாள் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவளுக்கு அதில் ஒரு கர்வமும் உண்டு. அவள் குடும்பத்தில் இதற்கு முன் யாரும் மேசை போட்டு உட்கார்ந்து வேலை பார்த்ததில்லை. பட்டம் வாங்கிய அன்று எடுத்த படம் வீட்டுக் கூடத்தில் கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி மாட்டியிருக்கிறது. "என் டேபிள்", "என் பேனா ஸ்டாண்டு" என்று சொல்லும்போது குரல் ஒரு படி ஏறும். ஆனால் மேசை நிரந்தரமே தவிர, அவள் நிரந்தரம் இல்லை. அவளும் பதினோரு மாதத்துக்காரிதான்.

அது யாருக்கும் தெரியாது. தெரியாதபடி பார்த்துக்கொண்டாள். தேதிகளைப் போட்டு அனுப்புவதே அவள் வேலை என்பதால், தன் பிரேக்கை மட்டும் ஞாயிற்றுக்கிழமையில் விழும்படி வைத்துக்கொள்வாள். சனிக்கிழமை இருந்தாள், திங்கட்கிழமை இருக்கிறாள். நடுவில் அவள் கம்பெனியின் ஆளாக இல்லாமல் போனதும் மறுபடி ஆனதும் கம்பெனிச் சுவருக்கே தெரியாது. அட்டையை டப்பாவில் போடுவதுமில்லை. கைப்பையிலேயே கிடக்கும். காகிதத்துக்கு ஞாயிறும் ஒரு நாள்தான் என்பதை அவள் மறந்தே போயிருந்தாள்.

பேக்கிங்கில் ஒரு பெண் இருக்கிறாள். எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்பாள், ஆகவே பட்டப்பெயர் மல்லு. போன வருஷம் மல்லு நிறைமாதமாக இருந்தபோது அவளுக்கு பிரேக் வந்தது. அட்டையை வாங்க வந்த ஒருநாள் அக்காவிடம் மல்லு கேட்டாள்:

"ஏங்க, அந்த ஒரு நாள்ல எனக்கு வலி வந்துச்சுன்னா?"

"வயித்துல இருக்கறதுகிட்ட சொல்லி வையி. ஒரே ஒரு நாள் பொறுத்துக்கடா கண்ணுன்னு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மல்லு சிரிக்கவில்லை. "என் புள்ள என்னை மாதிரி. சொன்ன பேச்சு கேக்காது" என்றாள். அட்டையைக் கேட்டால், "அதைக் காணோமே" என்று கையை விரித்துவிட்டாள். மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் வந்து, காணாமல் போன அதே அட்டையைக் கேட்டில் இருக்கும் இயந்திரத்தில் காட்டி, உள்ளே போய்த் தன் இடத்தில் நின்றுவிட்டாள். அவள் பெயரை நிறுத்திவைக்க மேலே யாருக்கும் நினைவில்லை. இயந்திரத்துக்கு பிரேக் தெரியாது. பதிவாகிவிட்டது. சேவை அறுபடாமல் நின்றதால் விடுப்பும் கொடுக்க வேண்டியதாயிற்று, ஆஸ்பத்திரியில் காப்பீடும் செல்லுபடியாயிற்று. "ஒழுங்குமுறைன்னா என்னன்னே தெரியாத ஜென்மம்" என்று அன்று முழுக்கப் புலம்பித் தீர்த்தாள் ஒருநாள் அக்கா. தன் வேலையில் விழுந்த ஒரே கறையாக அதைக் கருதினாள்.

இப்போது ஒருநாள் அக்காவின் வயிற்றிலேயே குழந்தை குறுக்கே கிடக்கிறது. தானாகத் திரும்பாது போலிருக்கிறது, அறுவைதான், அதுவும் ஒப்பந்தம் முடிகிற வாரத்தை அடுத்துத்தான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி மேசையில் இருந்த பையன் தலையைத் தூக்காமல், "இன்சூரன்ஸ் இருக்குல்ல?" என்றான். "இருக்கு" என்றாள். கணவன் ஒரு பழைய சரக்கு வேனை வைத்துக்கொண்டு கடைகளுக்குப் பெட்டி இறக்குகிறவன். அவன் தொழிலில் காப்பீடு என்று ஒன்று கிடையாது. அவளுடைய காப்பீடு செல்லாவிட்டால் அந்த வேன்தான் போகும். வேன் போனால் அப்புறம் மூன்று வயிற்றுக்கு என்ன செய்வது என்பதை இருவருமே பேசவில்லை.

"உன்னை விட்டா அந்த ஆபீஸ்ல யாருக்கு என்ன தெரியும்? அவங்களே வந்து வண்டியில கூட்டிட்டுப் போவாங்க பாரு" என்பான் அவன். அவள் சிரிப்பாள். பிறகு பாத்திரத்தைத் தேவைக்கு மேல் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

சாப்பாட்டு அறையில் ஒரு நாள் மல்லு தன் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"லீவு எழுதிக் கொடுத்துட்டீங்களாக்கா?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற கட்டத்துக்கு வந்திருந்தாள். சொன்னாள். தானும் பதினோரு மாதம்தான் என்பதை முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னபோது, அது வேறு யாருடைய செய்தியோ போலக் காதில் விழுந்தது.

மல்லு வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கினாள். "அடப்பாவி அக்கா. உன்னை ஏதோ கம்பெனி பங்காளின்னு நெனச்சுட்டு இருந்தோமே." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சரி விடு. கார்டைக் கொடுக்காத. அன்னிக்கு வந்து நில்லு. வயித்தைத் தள்ளிக்கிட்டு வர்றவளை எவன் வெளிய தள்றான்னு பாக்கலாம். என்னிக்கு பிரேக்கு?"

"ஞாயித்துக்கிழமை."

மல்லுவின் கை பாதி வழியில் நின்றது.

"அன்னிக்கு கேட்டே பூட்டியிருக்குமே."

"ஆமா."

"மிஷினும் ஆஃப்ல இருக்கும்."

"ஆமா."

"மாத்த முடியாதா?"

"நான்தான் போன மாசமே அனுப்பிட்டேன். கையெழுத்தாகி வந்துடுச்சு."

மல்லு தன் டப்பாவை மூடினாள். எழுந்து போகும்போது அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். அந்தத் தட்டைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு கேலியாவது பேசியிருக்கலாம்.

அதற்குப் பிறகு ஒரே நம்பிக்கைதான் மிச்சம். விடுப்புச் சம்பளம் போனால் போகிறது. வழக்கம்போல் திங்கட்கிழமை புது ஒப்பந்தம் வந்துவிட்டால், காப்பீடு எழுந்துகொள்ளும். அறுவைக்குள் எழுந்துகொண்டால் போதும். மேனேஜரின் அறைக்கு முன்னால் தேவையில்லாமல் நடந்தாள். கோப்பு ஒன்றை எடுத்து வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள். வேகமாக நடந்து காட்டினாள். மூச்சு வாங்குவதை யாரும் பார்க்காத மூலையில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மாலை மேனேஜர் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொன்னார், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார். மேசையிலிருந்த காகிதக் கனத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினார்.

"நாளைக்கு வர வேண்டாம்மா."

அவள் காத்திருந்தாள். இத்தனை வருஷமும் தான் ஒரே மூச்சில் சொன்னதன் இரண்டாம் பாதிக்கு, இந்தப் பக்கத்திலிருந்து காத்திருந்தாள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"சார், நாளைக்கு ஞாயித்துக்கிழமை."

"அதான்."

"திங்கட்கிழமை..."

"உடம்பைப் பாத்துக்கோம்மா. நல்லபடியா பெத்து எழுந்திரு. அப்புறம் பேசிக்கலாம்."

"இன்சூரன்ஸ் சார்?"

அவர் முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். "அது தன்னால நின்னுடும்மா. உனக்குத் தெரியாததா? நீதானே எல்லாருக்கும் சொல்லுவ."

அவள் தலையாட்டினாள். நன்றி என்றுகூடச் சொன்னாள். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

மேசைக்குத் திரும்பியபோது அலுவலகம் காலியாகியிருந்தது. பேனா ஸ்டாண்டைக் கைப்பையில் போட்டாள். என்ன நினைத்தாளோ, திரும்ப எடுத்து இருந்த இடத்திலேயே வைத்தாள். உட்காரவில்லை, நின்றுகொண்டே ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். உள்ளே குழந்தை ஒரு பக்கமாகப் புரண்டு விலாவுக்குக் கீழே முட்டியது. உள்ளங்கையை அங்கே வைத்து, அது அடங்கும் வரை அப்படியே நின்றாள்.

பிறகு கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றினாள். நாடாவை அதன்மேல் ஒரு முறுக்கு விழாமல் சுற்றினாள். ரப்பர் பேண்டு போட்டாள். துண்டுச் சீட்டு ஒன்றைக் கிழித்து, உருண்டை எழுத்தில், திங்கட்கிழமையின் தேதியை எழுதிச் செருகி, பிஸ்கட் டப்பாவுக்குள் எல்லாவற்றுக்கும் மேலே வைத்து மூடியை அழுத்தினாள்.