எக்ஸ்பயரி அக்கா வாங்கிய தீவு

எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் மருந்துக்கடை நடத்தும் பெண்மணியை இத்தெருவில் எவரும் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. மருந்து அட்டையை அலமாரியிலிருந்து எடுத்ததும் திருப்பிப் பிடித்துக் காலாவதித் தேதியை வாய்விட்டுப் படிப்பார். புட்டியானால் மூடியின் 'சீல்' உடையாதிருக்கிறதா என்று நகத்தால் ஒருமுறை சுற்றித் தடவிப் பார்ப்பார். அதன் பின்னரே பொருள் நம் கைக்கு வரும். ஆகவே அவர் எக்ஸ்பயரி அக்கா. வயதில் மூத்த எங்களுக்கும் அவர் அக்காதான்.

மருந்து நிறுவனப் பிரதிநிதி ஒருவர் ஒருநாள் புதிய இருமல் மருந்தை அவர்முன் வைத்து, "கண்ண மூடிக்கிட்டு எடுத்துக்கலாம் மேடம்" என்றார்.

"கண்ண மூடறதுக்கு நான் என்ன தூக்க மாத்திரையா போட்டிருக்கேன்?" என்று கேட்டு, அக்கா அதைத் தள்ளி வைத்தார். பொருளைவிடப் பொருளைப் புகழ்பவனையே முதலில் சோதிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

இத்தகையவர் கணினியில் மாயாஜாலச் சண்டை விளையாட்டு ஆடுபவர் என்பது பலருக்குத் தெரியாது. பிற்பகலில் கடை ஓய்ந்திருக்கும் வேளையில் அவரே எனக்குச் சொல்லியிராவிட்டால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

அவருடைய கணவர் தொலைவிலுள்ள மின் நிலையம் ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளர். சில மாதங்களுக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். நாள்தோறும் தொலைபேசியில் பேசிக்கொண்டதெல்லாம் "சாப்டியா?", "சாப்டேன், நீங்க?" என்ற அளவில் தேய்ந்துபோயிருந்தது. கணினிக் கடை வைத்திருக்கும் அக்காவின் தம்பி அதைக் கவனித்து, இருவர் கணினியிலும் 'சாம்பல் கோட்டை' என்ற விளையாட்டை ஏற்றிக் கொடுத்தார். அதன்பின் இருவருக்கும் பேசப் பொருள் கிடைத்தது. எந்தப் பாலத்தில் பூதம் நிற்கிறது, எந்தக் குகைக்கு எந்தச் சாவி என்று மாலைதோறும் ஒரு மணி நேரம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசினார்கள். அந்த ஒரு மணி நேரமே அவர்களுடைய குடும்பம் நடந்த நேரம் என்று சொன்னால் மிகையாகாது.

விளையாட்டில் கணவர் கேடயம் ஏந்தி முன்னே செல்லும் வீரர். அக்கா, எதிர்பார்க்கத்தக்கவாறே, பின்னே நின்று காயமாற்றும் மருத்துவச்சி. வீழ்ந்த எதிரிகளின் பைகளில் மருந்துப் புட்டிகள் கிடைக்கும். பிறர் அவற்றை ஆவலோடு சேர்ப்பார்கள். அக்காவோ ஒன்றையும் தொடவிட மாட்டார்.

"செத்தவன் பையில இருந்த மருந்துங்க அது. அவனையே காப்பாத்தல, உங்கள மட்டும் காப்பாத்துமா?"

"இது கேம்டி."

"கேம்னா வயிறு வேறயா?"

இப்படி இரண்டாண்டுகள் சென்றன. சாம்பல் கோட்டையின் கதை முடிந்தது. அப்போதுதான் அதன் விரிவாக்கமாக 'உப்புத் தீவு' விற்பனைக்கு வந்தது; புதிய நிலம், புதிய கதை, தனி விலை.

"நீயும் வாங்கிடு. யோசிக்கவே வேணாம், கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றார் கணவர்.

குழாய்க்கு ஒரு வாஷர் வாங்குவதற்கே மூன்று கடை ஏறி இறங்கும் மனிதர் அவர். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து அச்சொற்கள் வந்ததும் அக்காவுக்குப் பொறி தட்டியது. பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி வைத்தார்.

அன்றுமுதல் விசாரணை தொடங்கிற்று. இணையத்தில் வந்த விமர்சனங்களை ஒன்றுவிடாமல் படித்தார். புகழ்ந்தவர்கள் மருந்துப் பிரதிநிதிகளைப் போலப் புகழ்ந்திருந்தார்கள். இகழ்ந்தவர்களோ தீவில் கால் வைத்ததும் திரும்பியவர்களாகத் தோன்றினார்கள். தம்பியைக் கடைக்கு வரவழைத்தார்.

"அக்கா, இதெல்லாம் முதல்லயே செஞ்சு வச்சிருப்பான். பாதிய அறுத்து வச்சுக்கிட்டு இப்ப தனியா விக்கறான். பத்து மாத்திர அட்டையில ரெண்ட ஒடச்சு எடுத்துட்டு, அத வேற டப்பால போட்டு வித்தா எப்படி? அப்படித்தான்."

"நிச்சயமா தெரியுமா?"

"எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா யாரு?"

தம்பி தேநீரைக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்காமலே அக்கா இருந்தார். ஒரு நாள் மதிய உணவுக்காகக் கடையைச் சாத்திவிட்டு மாடியிலுள்ள வீட்டுக்குப் போனவர், சோறு சூடாகும் வரை விளையாட்டைத் திறந்தார். உடன் ஆடுபவர்கள் அப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதைத் திரையின் ஓரத்தில் அது காட்டும். கணவர் பெயருக்கு எதிரே பச்சை விளக்கு எரிந்தது. இடம்: உப்புத் தீவு.

அவர் வேலையில் இருக்க வேண்டிய நேரம் அது. அக்கா கைப்பேசியை எடுத்தார்.

"எங்க இருக்கீங்க?"

"டியூட்டிலதான். இப்ப ஓவர்டைம் வேற. ஏன், என்ன விஷயம்?"

"சும்மாதான்" என்று வைத்துவிட்டார். பச்சை விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது. அடுப்பில் சோறு அடிப்பிடித்தது.

அடுத்து வந்த மதியங்களிலும் அவ்விளக்கு தீவிலேயே எரிந்தது. மறுபடியும் தம்பியிடம் பேச்சு.

"மாமா பாஸ்வேர்ட யாராவது திருடியிருப்பாங்கக்கா."

"திருடினவன் தெனம் மத்தியானம் ஒழுங்கா வருவானா?"

"அப்ப நீ என்னதான் சொல்ற?"

"நான் ஒன்னும் சொல்லல. டியூட்டில இருக்கற மனுஷன் தீவுல எப்படி இருக்கார், யாரோட இருக்கார்? இது ரெண்டுதான் தெரியணும்."

"நேராவே கேட்டுடேன்."

"நேரா கேட்டதுக்குத்தான் ஓவர்டைம்னு வந்துச்சு."

பதினெட்டு ஆண்டு மணவாழ்வில் கணவர் தம்மிடம் பொய் சொன்னதாக அக்காவுக்கு நினைவில்லை. இப்போது ஒரு பொய் அகப்பட்டுவிட்டது. இதற்கு முன்னும் இருந்தனவா என்ற ஐயம் அவரைத் தின்றது. கடையில் மாத்திரை எண்ணும் கை நடுவில் நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து எண்ணுவார். மாலை விளையாட்டில் கணவரின் குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. "இன்னும் வாங்கலையா? வாங்கேன்" என்று அது நச்சரித்தது. வழக்கம்போல் இருந்ததே அவருக்குப் பொறுக்கவில்லை.

உப்புத் தீவைப் பற்றி விமர்சகர்கள் அனைவரும் ஒருமுகமாகத் திட்டியிருந்த அம்சம் ஒன்று உண்டு. அதை வாங்குபவர், தம் பழைய உருவத்தைத் தவிர, புதிய உருவம் ஒன்றை எந்த உழைப்பும் இன்றி நேரே தீவில் இறக்கலாம். ஆண்டுக்கணக்கில் ஆடித் தேர்ந்தவர்களை இது அவமதிக்கிறது என்பது அவர்களுடைய புகார். அக்கா அதை இருமுறை படித்தார். பிறகு விரிவாக்கத்தை வாங்கினார். கரடித்தோல் போர்த்திய, மார்பு வரை தாடி வளர்ந்த வேடன் ஒருவனை வேறு பெயரில் உருவாக்கித் தீவில் இறக்கினார்.

துறைமுகத்தில் கணவரைக் கண்டார். கேடயத்தைத் தூணில் சாய்த்துவிட்டு, தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். வேடன் பீப்பாய்களின் பின்னே ஒளிந்து நின்றான். எவரும் வரவில்லை. கணவர் ஒரு மீனைப் பிடித்தார், கடலிலேயே விட்டார், மறுபடி பிடித்தார். மறுநாள் மதியமும் அதே தூண், அதே தூண்டில். ஒருவரும் வராத இடத்தில் ஒரு மனிதர் மதியமெல்லாம் உட்கார்ந்திருப்பது அக்காவின் சந்தேகத்தைத் தணிக்கவில்லை. வேறு பக்கம் திருப்பிற்று. அதற்கடுத்த நாள் வேடன் அருகில் போய் அமர்ந்தான். இருவரும் தட்டச்சு செய்து பேசிக்கொண்டார்கள்.

"அண்ணே, இந்தத் தீவு காசுக்குத் தேறுமா?"

"பாதி தேறும் தம்பி. கதை சுமார்தான். மீன் புடிக்கறது நல்லாருக்கு."

"எந்நேரமும் இங்கயே இருக்கீங்களே, வேலவெட்டி இல்லையா?"

தூண்டில் நீரில் கிடந்தது.

"உண்மைய சொன்னா இல்ல தம்பி. எங்க யூனிட்ட நிறுத்திட்டாங்க. டர்பைன்ல கோளாறு. ரூம்லயே இருங்க, கூப்புடறோம்னாங்க. இன்னும் கூப்புடல."

"வீட்ல தெரியுமா?"

"தெரியாது. சொன்னா கேள்வி கேப்பா. எப்ப தொறப்பாங்க, யார் சொன்னது, எழுத்துல குடுத்தாங்களான்னு. எங்கிட்ட ஒன்னுக்கும் பதில் இல்ல. பதில் கெடச்சதும் சொல்லிக்கலாம்னு இருக்கேன்."

அக்கா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். வேறொருவரும் இல்லை என்ற நிம்மதி ஒரு பக்கம். அந்த நிம்மதி முழுதாக மூச்சுவிடுமுன் கோபம் வந்து உட்கார்ந்தது. ஆயினும் விசாரணை முடியவில்லை.

"வேலை இல்லாதப்ப இத ஏன் வாங்கினீங்க?"

"வேலை இருந்தப்பவே வாங்கினேன். அவளையும் வாங்கச் சொல்லிக்கிட்டே இருக்கேன். பழைய கோட்டையில எல்லாம் முடிஞ்சுபோச்சு தம்பி. பேச ஒன்னும் இல்லன்னா என் வேலையப் பத்திக் கேக்க ஆரம்பிச்சிடுவா."

கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொன்னதன் காரணம் இதுதான். தாம் ஐயுற்றது சரியே என்று அறிந்ததில் அக்காவுக்கு எள்ளளவும் மகிழ்ச்சி இல்லை.

அப்போது கணவரின் தூண்டிலில் நீலப் புட்டி ஒன்று மாட்டிக்கொண்டு வந்தது.

"இதப் பாரு தம்பி, அதிர்ஷ்டம்! இதக் குடிச்சா கடலுக்கடியில மூச்சு முட்டாம நடக்கலாமாம்."

வீரர் புட்டியை வாயருகே உயர்த்தினார். அக்காவின் விரல்கள் அவரைக் கேட்காமலே ஓடின.

"சீல் இருக்கா பாருங்க. எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியாதத வாயில வைக்காதீங்க."

வீரர் புட்டியும் கையுமாக அப்படியே நின்றார்.

"நீயா?"

"யாரு?" என்று எழுதினான் தாடிக்காரன்.

"விளையாட்டுல சீல் பாக்கச் சொல்ற ஆளு உலகத்துல ஒருத்திதான்."

வீரர் மறைந்தார். மறு நொடி கைப்பேசி ஒலித்தது.

"வேவு பாக்க வந்தியா?"

"நீங்க ஒளிஞ்சிருந்தீங்க, நான் தேடி வந்தேன்."

"தாடி வேற!"

"பேச்ச மாத்தாதீங்க. ஊர் பேர் தெரியாத ஒருத்தன்கிட்ட சொல்றீங்க, எங்கிட்ட சொல்ல மாட்டீங்களா?"

"அவன் திருப்பிக் கேக்க மாட்டான்ல."

அதற்கு அக்கா சொன்னதை அவர் சொற்களிலேயே தருகிறேன். "தெரியலன்னு சொன்னா அதையும் பதிலா எடுத்துப்பேங்க. ஓவர்டைம்னு சொன்னீங்களே, அத எந்த அலமாரில வைக்கறது? இனி நீங்க எத சொன்னாலும் நான் திருப்பிப் பாக்கணும். எனக்கு அது கடையிலயே போதும்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"மூட்டைய கட்டிக்கிட்டு வீட்டுக்கு வாங்க."

"கூப்புட்டுட்டா?"

"கூப்புட்டா போங்க. பஸ் ஓடிட்டுத்தானே இருக்கு?"

வந்தார். கடையில் அட்டைப்பெட்டிகளை இறக்கி அடுக்கினார். சிரிஞ்சு இருக்கும் இழுப்பறை எது, பஞ்சு எது என்று கற்றுக்கொண்டார். வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் பழைய வழக்குகள் மேசைக்கு வந்தன.

"போன மழையில வயித்துவலின்னு ஊருக்கு வராம இருந்தீங்களே?"

"நெஜமாவே வயித்துவலி."

"படியில விழுந்து கால்ல அடின்னது?"

கணவர் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டித் தழும்பைக் காட்டினார். அக்கா குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். அப்போது இரத்த அழுத்த மாத்திரை வாங்க நின்ற நான் வாசற்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கணவரின் கணினி மின் நிலைய அறையிலேயே தங்கிவிட்டது; வீட்டில் இருந்தது ஒன்றே. ஆகவே இருவரும் சேர்ந்து ஆட இயலவில்லை. ஒருவர் ஆட, மற்றவர் பின்னால் நாற்காலி போட்டுக் குற்றம் கண்டுபிடித்தார்.

தம்பி வந்திருந்தபோது, "கடைசியில அந்தத் தீவு வாங்கினது தேறுச்சா இல்லையாக்கா?" என்று கேட்டார்.

"கடல நல்லா வரஞ்சிருக்கான். கதை பாதியில இழுவையா போகுது. பேய்க எல்லாம் பழைய பேய்கதான், உப்பு பூசி விட்டிருக்கான். யாராவது கேட்டா வெல கொறையட்டும்னு சொல்லு."

"ஆனா அத வாங்கினதாலதானே மாமா விஷயம் தெரிஞ்சுது?"

"அதுக்கு அவன் வெல போடல. அத வச்சு சரக்கு நல்லதுன்னு சொல்லக் கூடாது" என்றார் அக்கா. பக்கத்தில் பஞ்சுப் பொட்டலம் அடுக்கிக்கொண்டிருந்த கணவர் தலையை நிமிர்த்தவில்லை.

பிறகு மின் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. கணவர் புறப்பட்டுப் போனார். வேலையில் சேர்ந்த மதியமே அவர் பேசியபோது நான் கடையில் இருந்தேன். அக்காவின் இரு கைகளிலும் மருந்து இருந்ததால் கைப்பேசியின் ஒலிபெருக்கியைப் போட்டிருந்தார். கடை முழுதும் இரைச்சல் நிறைந்தது.

"யூனிட் ஓடுது! சத்தம் கேக்குதா?"

"கேக்குது. பக்கத்துல யாராவது இருந்தா குடுங்க."

கனத்த குரல் ஒன்று வந்தது. "அம்மா, நான் சூப்பர்வைசர் பேசறேன். ஓடுதும்மா, சத்தியமா ஓடுது. உங்க வீட்டுக்காரர் இங்கதான் நிக்கறார், ஹெல்மெட் போடாம."

"அத ஏன் போடலன்னு கேளுங்க."

அங்கே ஏதோ உருண்டது, யாரோ சிரித்தார்கள். பின்னர்க் கணவரின் குரல், "மாட்டிட்டேன், மாட்டிட்டேன்" என்றது.

அக்கா என் மாத்திரை அட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பேசியைக் கையில் எடுத்தார்.

"வீடியோ போடுங்க" என்றார்.